குடைக்குள் ஒரு பீடி

போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் திடீரென்று பீடி வாடை. டிரைவர் அதட்டினார். பற்றவைத்த பெரியவரின் மனைவி கெஞ்சினார்: "கோவிச்சுக்காதீங்க அண்ணே. டாக்டர் மாத்திரை குடுத்தும் மண்டைக்குள்ள யாரோ வையுறாங்கன்றாரு. பீடி குடிச்சாத்தான் அடங்குதாம்."

என் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் குரல்கள் கேட்டன. ஏலத்தோட்டத்தில் வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் எங்களோடு இருந்தார். பேயோட்டும் கோடாங்கியிடம் கூட்டிப்போகச் சொன்னவர்களை மீறி, அம்மா போடியில் டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிவந்தாள். கூடவே ஒரு கட்டுப் பீடியும்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கம் பீடி குடிக்கக் கூடாது, காயில் வாடை ஏறிவிடும். அதனால் சாரலில் அவரைத் தூரமாகக் கூட்டிப்போய், குடித்து முடிக்கும்வரை அம்மா குடை பிடிப்பாள்.

கடைசியில் நுரையீரல்தான் அவரைப் படுக்கவைத்தது. "காயில பொகை ஏறாமப் பாத்தேன், ஒன் நெஞ்ச விட்டுட்டேனே தம்பி" என்று அம்மா அழுதாள்.

"அழாதீங்க மதினி. நீங்க கொடை பிடிக்கையில ஒருத்தனும் என்னைய வையல."

ஜீப் டிரைவர் மனமிரங்கி, குடித்துவிட்டு வரட்டும் என்று வண்டியை ஓரங்கட்டினார். பெரியவர் பீடியோடு இறங்கினார்.

"அடுத்த தடவ டாக்டர்கிட்ட பீடியப் பத்தியும் சொல்லுங்க பெரியம்மா" என்றேன் அவர் மனைவியிடம்.

சாரல் விழுந்தது. குடையை விரித்துக்கொண்டு நானும் இறங்கினேன்.