பன்னிரண்டு பேர் செத்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள்

என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர் செத்துப்போயிருந்தார்கள். எல்லோரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒரே வருஷத்தில் செத்தவர்கள். எந்த வருஷம் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. எங்கள் குடும்பத்தில் நல்ல காரியம் பேசும்போது அந்த வருஷத்தை யாரும் வாயால் சொல்வதில்லை.

எல்லாம் அப்பாவின் வேலை. வைத்திக்குப்பம் பக்கத்தில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் மற்ற அப்பாக்கள் கடற்கரையில் நடப்பார்கள். என் அப்பா ஆண்டுக்கு ஒரு பழைய வருஷத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் இறந்துபோன பெரிய மனிதர்களுக்கெல்லாம் சேர்த்து எங்கள் கூடத்தில் நினைவுக்கூட்டம் நடத்துவார். அவர்களுக்காக அழ வேண்டிய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்கூடச் செத்தாகிவிட்டது, இனி நாம்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. கூட்டத்துக்கு அம்மாவும் நானும் எதிர்வீட்டு சொல்தாவும் வருவோம். சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அந்தப் பென்ஷனில் காலம் தள்ளுகிறவர். அவர் வருவதும் அம்மா போடும் பஜ்ஜிக்காகத்தான்.

இந்த முறை கூட்டம் சேர்த்தே தீருவது என்று அப்பா தெருமுனையில் பேனர் வைக்கக் கிளம்பினார். எங்கள் ஊரில் பேனர் கடைக்காரர்களிடம் இறந்தவர்களுக்கென்று ஒரு அமைப்பு எப்போதும் தயாராக இருக்கும். மேலே கண்ணீர் விடும் ஒற்றைக் கண், இரண்டு பக்கமும் புறா, நடுவே படம், கீழே இறுதி ஊர்வலம் இன்று மாலை என்ற வரி, அதற்கும் கீழே வீட்டு முகவரி. அப்பா பன்னிரண்டு படங்களையும் நேரத்தையும் முகவரியையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கடைக்காரர் இறுதி ஊர்வல வரியையும் எடுக்காமல் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து, ஞாயிறு காலையில் அவரே ஆள் வைத்துக் கட்டியும் விட்டார். துக்கப் பேனரை யாரும் சரிபார்த்து வாங்குவதில்லை.

அன்று காலையில் வர வேண்டிய மாப்பிள்ளை வீட்டார், கார் கிடைக்கவில்லை என்று மாலைக்கு மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை எனக்குப் புதியவர் இல்லை. கதிர்காமம் ஆஸ்பத்திரி லேபில் என்னோடு வேலை பார்ப்பவர். இரண்டு வருஷமாக அவருடைய அம்மாவைக் கரைத்துக் கரைத்து, கடைசியில் அரியாங்குப்பத்திலிருந்து கிளப்பியிருந்தார். ஒரே ஒரு தடவை வருவேன், சகுனம் தடுத்தால் இந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும் என்று அந்த அம்மாள் சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருந்தார். எனக்கோ அவர் மகன்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம்.

வாசலில் முதல் சத்தம் கேட்டதும் அம்மா பட்டுப்புடவையோடு ஓடி, வாய் நிறையச் சிரித்து, வாங்க வாங்க என்றாள். மாலையோடு நின்றிருந்த பக்கத்துத் தெருக்காரர்கள் ஆடிப்போனார்கள். துக்க வீட்டில் வாங்க என்று கூப்பிடுவதில்லை, போகும்போது வருகிறேன் என்று சொல்வதும் இல்லை. அதிர்ச்சியில் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்து, இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அப்புறம் வந்துகொண்டே இருந்தார்கள். அப்பாவிடம் படித்த மீனவர்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். யாரோ மேளக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். உடல் எங்கே என்று ஒருவர் கேட்க, இந்த வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், கதிர்காமத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் என்று இன்னொருவர் பதில் சொன்னார். பேனர் படங்களில் ஒரு தளபதியும் இருந்ததால் சொல்தா பதக்கங்கள் குத்திய கோட்டோடு வந்து, வாசலில் விறைப்பாக நின்றார். நான் ஒவ்வொருவரிடமும் விளக்கினேன். பாவம், இவளும் என்னென்னமோ பேசுகிறாள் என்று என் தலையைத் தடவினார்கள்.

இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்து நின்றது. அந்த அம்மாள் பூத்தட்டோடு இறங்கி, சொல்தாவிடம் கேட்டார்.

“யாருங்க தவறிட்டது?”

“பன்னெண்டு பேரு.”

“ஒரே வூட்லயா?”

மகன் குறுக்கே வந்து, இவர்கள் எல்லாம் தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் செத்தவர்கள் என்று கெஞ்சினார். எப்போது செத்தால் என்ன, ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று அந்த அம்மாள் பூத்தட்டைக் காருக்குள் வைத்தார். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் சாவு வீட்டு வாசல்வரை வந்துவிட்டு, உட்காராமல் திரும்பவும் கூடாதல்லவா. அந்த வழக்கம்தான் அவரை உள்ளே இழுத்தது. என் பக்கம் திரும்பாமல் பெண்களோடு பாயில் உட்கார்ந்தார். நான் நீட்டிய கேசரியை வேண்டாம் என்று கையைக் காட்டினார். துக்க வீட்டில் கை நனைப்பார்களா?

அப்பாவோ வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தைப் பார்த்த பூரிப்பில் இருந்தார். யார் சொல்லியும் கேட்கவில்லை. நட்சத்திரம் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவரில் ஆரம்பித்து, ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார். தளபதி வந்ததும் சொல்தா சல்யூட் அடித்தார். வந்தவர்கள் அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஐயோ பாவம் சொன்னார்கள்.

பிறகு கதை எழுதிய ஒரு வெள்ளைக்காரப் பெண். பிரசவத்தில் போய்விட்டாள் என்றார் அப்பா.

“கொழந்த?” என்றது பாயிலிருந்து ஒரு குரல். மாப்பிள்ளையின் அம்மா.

“அதுவும் போயிடுச்சுங்க.”

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவருடைய மூத்த மகள் அப்படித்தான் போனாள், வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை என்று அவர் மகன் எனக்குச் சொல்லியிருந்தார். பக்கத்துப் பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்கள். மேளக்காரர்கள் இதுதான் நேரம் என்று அடிக்கத் தொடங்கினார்கள். எங்கள் தெருவே அந்த வெள்ளைக்காரிக்காக அழுதது. எனக்கும் அழுகை வந்தது, பாதி அவளுக்காக, பாதி எனக்காக.

ஓய்ந்ததும் அந்த அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு அப்பாவைக் கேட்டார்.

“இவங்களுக்கும் உங்களுக்கும் இன்னாங்க சொந்தம்?”

“ஒண்ணுமில்லீங்க. நெனைக்க ஆளில்லாம போயிட்டாங்களேன்னுதான்.”

ஊர்வலம் இல்லை என்பது ஒருவழியாக எல்லோருக்கும் விளங்கி, ஒவ்வொருவராக எழுந்து, வழக்கப்படி சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். அந்த அம்மாளும் எழுந்து புடவையை உதறினார். மகன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார். நான் ஆறிப்போன கேசரித் தட்டோடு கதவோரம் நின்றேன். அவர் செருப்பை மாட்டி, படி இறங்கி, கார்க் கதவையும் திறந்துவிட்டார். பிறகு நின்று, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“போயிட்டு வரேம்மா” என்றார்.