பிரிக்காத பொட்டலம்

இன்று காலை கீமோ வார்டில், மனைவியின் கைப்பைக்குள் ரிப்போர்ட் ஃபைலைத் துழாவும்போது அந்தப் பொட்டலம் கையில் பட்டது.

நான்கு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த பொட்டலம். கட்டிய நூல் கட்டியபடியே இருந்தது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

செல்விக்கு மார்பில் ஒரு கட்டி. டெஸ்ட் எடுத்தார்கள். கேன்சர். ஆரம்ப நிலைதான், சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிட்டால் நல்லது என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். செல்வி ஆட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "ஆத்தாகிட்ட கேக்காம என் மேல கத்தி வைக்க விடமாட்டேன். பூக்கட்டிப் பாத்துருவோம்."

(தெரியாதவர்களுக்கு: இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சாமி காலடியில் வைத்து, பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். எங்கள் பக்கம் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இவள் வீட்டில் நிலம் வாங்கியதும் இப்படித்தான், என்னை மாப்பிள்ளையாக்கியதும் இப்படித்தான். என் மாமனார் அன்றைக்கு எந்தப் பூவை வேண்டிக்கொண்டார் என்று இதுவரை சொன்னதில்லை.)

"சிவப்பு வந்துருச்சுன்னா?"

"ஆபரேஷன் வேணாம். ஆத்தா பாத்துக்குவா."

சொன்னால் சொன்னதுதான். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன்.

பொட்டலம் கட்டும் வேலை எனக்கு வந்தது. நான் ஒத்தக்கடையில் மோட்டார் காயில் கட்டுகிறவன். சாமி கும்பிடுவேன். ஆனால் மோட்டார் ஓடவில்லை என்றால் பிரித்துத்தான் பார்ப்பேன்.

மறுநாள் காலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனேன். மல்லியும் செவ்வரளியும் கேட்டேன்.

"எம்புட்டுண்ணே, ஒரு கிலோ போடவா?"

"ரெண்டுலயும் ஒரு கைப்பிடி போதும்ணே."

"கைப்பிடி பூவுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று சிரித்தவர், சும்மாவே அள்ளிக் கொடுத்தார்.

பைக் சீட்டில் பேப்பரை விரித்துக் கட்டினேன். முதல் பொட்டலத்தில் மல்லி. இரண்டாவதற்கு அரளியை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. செல்வி பிழைப்பதும் பிழைக்காததும் இந்த ஒரு கைப்பிடியில் இருக்கிறதா? எனக்குப் பயமாக இருந்தது. அரளியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, இரண்டாவதிலும் மல்லியையே வைத்துக் கட்டினேன்.

ஆனையூரில் எங்கள் தெருமுனை அம்மன் கோயில். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். செல்வி பிரித்தாள். வெள்ளை. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மற்றதை நைசாக எடுத்துவிடலாம் என்று கை நீட்டினேன். அதற்குள் அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு ஆரம்பித்தது.

அவளுக்குக் காய்ச்சல் வந்தால், ஆத்தாவை ஏமாற்றிவிட்டோமே என்று தோன்றும். தலைமுடி கொத்தாகக் கழன்றபோதும் அதுதான் தோன்றியது. பஞ்சர் என்று பொய் சொல்லிவிட்டு இரண்டு முறை கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். (அதற்கும் ஒரு பொய்!) பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்திருப்பாளா? எங்கே வைத்திருப்பாள்? பீரோ, அரிசி டப்பா, பூஜை அலமாரி எல்லாம் தேடிவிட்டேன்.

இன்று மூன்றாவது கீமோ. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"தேடுனது கெடச்சிருச்சா?"

இனி மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

"செல்வி, அதுலயும் வெள்ளைதான்."

"தெரியும்."

"பிரிச்சுப் பாத்தியா?"

"பிரிக்கணுமாக்கும். சாமி முன்னாடி வச்சப்பவே ரெண்டும் கமகமன்னு மணந்துச்சு. அரளி என்னைக்குங்க மல்லி வாசம் அடிச்சுச்சு?"

(வெள்ளை அரளி என்று ஒன்று இருக்கிறது. அதைக் கட்டியிருந்தால் மாட்டியிருக்க மாட்டேன். மதுரைக்காரனுக்கு வெள்ளைப் பூ என்றால் மல்லியைத் தவிர வேறெது ஞாபகம் வரும்?)

"தெரிஞ்சுமா ஆபரேஷனுக்கு வந்த? நான் ஏமாத்துனது தெரிஞ்சுமா?"

கண்ணைத் திறந்து, விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தச் செவப்ப வைக்க விடாம உங்க கையப் பிடிச்சது யாருன்னு நெனைக்கிறீங்க?"

பக்கத்து பெட் அம்மா சிரித்துவிட்டார். டிரிப்ஸைச் சரிசெய்ய வந்த நர்ஸும் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. நான்கு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது.

இன்னும் மூன்று கீமோ பாக்கி. அதற்குப் பிறகும் டெஸ்ட் எல்லாம் எடுத்துத்தான் சொல்வோம் என்கிறார் டாக்டர். செல்வி அதற்குள், "கடைசி கீமோ முடிஞ்சதும் ஆத்தா காலடியில வச்சு இந்தப் பொட்டலத்தப் பிரிப்போம்" என்று சொல்லிவிட்டாள். நானும் சரி என்றேன்.

நேற்று வரை என்னைக் கேட்டிருந்தால், அன்றைக்கு என் கையை நிறுத்தியது பயம்தான் என்று சொல்லியிருப்பேன். இன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் சொல்லுங்கள் மக்களே, யாராக இருக்கும்?