ஒன்பதாம் சாலையில் தேடிய சைக்கிள்

மகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு எங்கே போனாலும் வழியை மூன்று முறை சரிபார்ப்பேன். வளைவுகளில் அவளுக்கு வாந்தி வருமோ என்று ஆட்டோபான் என்னும் விரைவுச்சாலையில்தான் போவேன். பிறகு, பிள்ளைக்கு எதையுமே காட்டாமல் கொண்டுபோகிறேனோ என்று அதற்கும் கவலைப்படுவேன். ரைன் ஆற்றோரமாகப் போகும் ஒன்பதாம் இலக்கச் சாலையின் பலகையைக் கண்டால் மட்டும் என் கால் தானாக வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

அப்போது எனக்கு ஏழு வயது. நாங்கள் ரேமாகன் என்ற ஆற்றோர ஊரில் இருந்தோம். வோர்ம்ஸ் நகரில் பெரியப்பாவின் மகளுக்குக் கல்யாணம். பெரியப்பா முந்தைய ஆண்டே இறந்திருந்தார். அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்கள் மாவட்ட எல்லையைத் தாண்ட அப்போது அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். எங்கள் கடிதம் வருவதற்குள் பெரியப்பாவை எரித்துவிட்டார்கள். இப்போது விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. அண்ணனின் இடத்தில் நின்று அப்பாதான் பெண்ணைத் தாரை வார்க்க வேண்டும்.

அப்படிப்பட்டவர், இரவல் காரை ஆட்டோபானுக்கு விடாமல் ஆற்றோரம் திருப்பினார்.

“இஞ்சாருங்கோ, நேரத்துக்குப் போகாட்டி ஆர் தாரை வார்க்கிறது?” என்றார் அம்மா.

“விடியவே வெளிக்கிட்டனாங்கள்தானே. நான் இந்த றோட்டாலைதான் போவன்.”

பிறகு என்னிடம் சாலையின் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஒல்லாந்து எல்லையில் தொடங்கிப் பிரான்ஸ் எல்லையில் முடிகிறதாம். ரோமச் சிப்பாய்கள் நடந்த தடமாம். பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே பின்னாளில் பிரெஞ்சுக்காரர் அதை அகலமாக்கினார்களாம். இதையெல்லாம் எப்போது படித்தார் என்று எனக்குத் தெரியாது.

ப்ரோல் என்ற ஊரைத் தாண்டியதும் காரை ஓரங்கட்டினார். மாவட்டம் மாறுவதைச் சொல்லும் சிறு பலகை ஒன்று அங்கே நின்றது. பட்டு வேட்டியை மடித்துப் பிடித்தபடி அதுவரை நடந்தார், தாண்டினார், திரும்பி வந்தார், மறுபடியும் தாண்டினார். அவசரப்படுத்திக்கொண்டே வந்த அம்மா இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா எதைத் தொலைத்தார் என்று கேட்டேன்.

“பெரியப்பாவை எரிச்ச அண்டைக்குச் சைக்கிளிலை இந்தப் பலகைவரைக்கும்தான் வந்தவர்,” என்றார் அம்மா.

ஓ, சைக்கிளைத்தான் தேடுகிறார். நானும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு புதர்களுக்குள் தேடினேன்.

ஆனால் கோப்ளென்ஸைக் கடந்ததும் சைக்கிள் மறந்துவிட்டது. மலைகள் நெருங்கி வந்து ஆற்றை இறுக்கின. ஒவ்வொரு வளைவிலும் இனிச் சாலை முடிந்தது என்று மூச்சைப் பிடிப்பேன். பாறை விலகி இன்னொரு கோட்டையைக் காட்டும். எங்களுக்குச் சமமாகச் சரக்குக் கப்பல் ஒன்று வெகுநேரம் வந்தது. இத்தனை பெரிய உலகம் எங்கள் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கியிருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஐயர் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா வேட்டிக் கரையில் ஒட்டியிருந்த புல்லோடு போய் நின்றார். பெண்ணின் கைமேல் நீர் வார்த்தவர், செம்பு காலியான பிறகும் அதைச் சாய்த்துப் பிடித்தபடியே நின்றார். ஓடி வந்த களைப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் திரும்பும் வழியில் அதே பலகை வந்தது. அப்பா நிறுத்தவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா, சைக்கிள் கிடைச்சதோ?”

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை. கிடைச்சிட்டுது.”

எனக்குப் பெரிய நிம்மதி. அதை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.