என் தமையனார் கலந்த பானங்கள்

கூஜா என்னும் பித்தளைக் கலம் பயணத்தில் குடிநீர் கொண்டு செல்வதற்கென்று வார்க்கப்பட்டது. எங்கள் வீட்டிலோ அது வேறொரு பணியைச் செய்தது. என் தமையனார் அதனுள் பானகத்தையோ மோரையோ ஊற்றுவார், திருகுமூடியை இறுக்குவார், வலத் தோளுக்கு மேலே தூக்கி, கண்களை அரைவாசி மூடிக்கொண்டு குலுக்குவார். எத்தனை முறை குலுக்க வேண்டும் என்பதை உள்ளே எழும் ஓசையே தமக்குச் சொல்லிவிடும் என்பார். பிறகு மூடியைத் திறந்து, நாவில் ஒரு துளியும் இடாமல், மூக்கினால் மட்டும் முகர்ந்து பார்த்துத் தலையசைப்பார். அந்தத் தலையசைப்புக்குப் பின்னரே எங்களுக்குக் குவளை கிடைக்கும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948ஆம் ஆண்டு வரையில் அவர் ஒரு விருந்தினர் மாளிகையில் பணிபுரிந்தார். அங்கு வந்து தங்கிய வெள்ளையர்க்கு மதுவகைகளைக் கலந்து கொடுப்பது அவர் தொழில். இணைப்போடு அந்த வேலை போயிற்று. மதுவிலக்கும் உடன் வந்தமையால், அவர் கற்றிருந்த கலைக்கு நாட்டில் இடமே இல்லாமற் போயிற்று. தகப்பனார் முன்பே காலமாகியிருந்தார். வீட்டில் ஆத்தாவும், மணமாகாத தங்கையும், உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்த நானும் இருந்தோம். அவர் ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். பெட்டியில் நான்கு வெள்ளைச் சட்டைகளும், துணியில் சுற்றிய ஆறு நீள்கண்ணாடிக் குவளைகளும் இருந்தன.

வேலை தேடியலைந்த அந்த நாள்களில் அவர் வீட்டுப் பொருள்களைக் கொண்டே தம் பழைய கலவைகளை மீண்டும் படைக்கத் தொடங்கினார். எலுமிச்சையோடு ஜின் சேரும் இடத்தில், ஆறவைத்த சீரகநீரும் கோலிச் சோடாவும் சேர்ந்தன. கசப்புக்கென்று வெள்ளையர் சொட்டுவிடும் சாற்றுக்கு மாற்றாக நிலவேம்புக் குடிநீர் மூன்று துளி விழுந்தது. மோரில் மாவிஞ்சியைத் தட்டிப் போட்டு, நுங்கை நசுக்கிக் கலந்து, கறிவேப்பிலைக் கொழுந்து ஒன்றை மேலே மிதக்கவிடுவார். குவளையின் விளிம்பை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்துப் பனங்கற்கண்டுப் பொடியில் ஒற்றியெடுப்பார். உதட்டில் முதலில் இனிப்புப் படவேண்டும், பிறகே புளிப்பு வரவேண்டும் என்பது அவர் கணக்கு. பனிக்கட்டிக்கு எங்கே போவது? ஈர மணலில் பானையைப் புதைத்து அதற்கு விடை கண்டார்.

அவற்றை அவர் ஆங்கிலப் பெயர்களால் அழைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. கருப்பட்டியால் இருண்ட பானகத்துக்குக் 'கார்முகில்' என்றும், நுரை ததும்பும் மோருக்கு 'வெண்டிரை' என்றும் பெயர் சூட்டினேன்.

"பேரு நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. குடிக்க வர்றவன் அகராதியையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வரணும்" என்றார். தங்கை அன்று சிரித்த சிரிப்பில் குவளையைக் கீழே போட்டு உடைத்துவிட்டாள். ஆறில் ஒன்று போனதற்கு அவர் சிறிதும் வருந்தவில்லை. அவளுக்கு அவர் தகப்பனைப்போல. அவருக்கு அவள் மகளைப்போல.

அவர் வாழ்நாளில் மதுவைச் சுவைத்ததில்லை. ஒரு துளி நாவிற்பட்டாலும் மூக்கு கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. ஆனால் ஊர் அதை நம்பவில்லை. குடி ஊற்றிக் கொடுத்தவன் குடியாதிருப்பானா என்று கேட்டது. அவர் வீட்டுக்கு வந்தபின் தங்கைக்குப் பேசிய இடங்கள் இரண்டு, காரணம் சொல்லாமலே விலகின. காரணம் எங்கள் நால்வருக்கும் தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூன்றாவதாகக் கூடிய இடம் நல்ல இடம். மாப்பிள்ளை தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். பெண்ணை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. சித்திரை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் வந்து தாம்பூலம் மாற்றிக்கொள்வதாக உறுதி சொன்னார்கள். இதுவும் கைநழுவினால் அவளுக்கு இனி இடம் வருவது அரிது என்பதை ஆத்தாவின் முகத்திலேயே நாங்கள் படித்தோம்.

அன்று விருந்தினர்க்குப் பெரியண்ணன் கையால் ஏதேனும் கலந்து கொடுக்க வேண்டும் என்று தங்கை ஆசைப்பட்டாள். எனக்கு உடன்பாடில்லை. பின்பு ஒரு நிபந்தனையோடு ஒப்பினேன். அவர் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்து வைத்துவிட்டு, விருந்தினர் வருமுன்னரே கீரனூரில் இருந்த தம் நண்பர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவர்கள் கண்ணில் படக்கூடாது. இதை நான் சொன்னபோது அவர் முகம் மாறியதா என்று இன்று நினைத்துப் பார்க்கிறேன். மாறவில்லை. சரி என்றார். பதநீரில் நன்னாரியும் சுக்கும் ஏலமும் நுங்கும் கூட்டி ஒரு புதிய கலவையைத் தாம் எண்ணி வைத்திருப்பதாகவும், அதற்கு நான் எவ்வளவு கடினமான பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

வெள்ளி விடியலில் அவர் பனங்காட்டுக்குப் போயிருந்தார். விருந்தினரை முன்னிட்டு அந்த வாரம் வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தோம். பொருளறையில் ஈர மணலில் பாதி புதைந்திருந்த பெரிய மண்பானையை எட்டிப் பார்த்தேன். உட்புறமெங்கும் சுண்ணாம்பு. வெள்ளையடித்தவர்கள் பானையைச் சுண்ணாம்பு கரைக்க எடுத்துக் கழுவாமல் வைத்துவிட்டார்கள் என்று எண்ணினேன். மாப்பிள்ளை வீட்டார் அருந்தும் பானம் இதிலா இருப்பது என்று சினந்து, நானே அதைத் துவைகல்லடிக்குத் தூக்கிச் சென்றேன். புளி போட்டுத் தேய்த்தேன். மூன்று முறை கழுவினேன். மீண்டும் மணலிற் பதித்து, ஈரத்துணியால் மூடினேன். நல்ல காரியம் ஒன்று செய்த நிறைவு எனக்கு இருந்தது.

பதநீர் இறக்குவோர் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதும், தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடுவதும் எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மரத்திலிருக்கும் கலயத்துக்குரியது அது என்று என் அறிவு வேலியிட்டுக்கொண்டது. சித்திரை வெயிலில் நெடுநேரம் கெடாதிருக்க, வீட்டுப் பானைக்கும் அவர் முதல்நாள் மாலையில் தம் கையால் சுண்ணாம்பு பூசி உலரவிட்டிருந்தார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் பதநீரோடு திரும்பினார். அரையிருட்டில் அதைப் பானையில் வார்த்தார், மற்றவற்றைக் கூட்டினார், முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார். ஐந்து குவளைகளின் விளிம்பிலும் கற்கண்டுப் பொடியை ஒற்றி வைத்தார். பெரியவர்கள் ஐவருக்கே அவை போதும், மற்றவர்க்கு வெள்ளித் தம்ளரில் கொடு என்றார். வெள்ளைச் சட்டை அணிந்து, தங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, கீரனூர்ப் பேருந்துக்குப் போனார்.

விருந்தினர் முற்பகலில் வரவில்லை. திருமயத்துக்கு அருகே அவர்கள் வந்த பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. அவர்கள் வெயிலில் வாடி வந்து சேர்ந்தபோது பிற்பகல் நான்கு மணி. வந்தவுடன் தாகத்துக்குத்தான் கேட்டார்கள். நான் பானையைத் திறந்தேன். மேலே நுரை பொங்கி நின்றது. மொண்டு ஊற்றும்போது குவளையில் சிறு சிறு குமிழிகள் கீழிருந்து மேலே ஏறின. தமையனாரின் திறம் இதுவன்றோ என்று நான் பூரித்தேன் என்பதை இங்கு மறைக்காமல் எழுதவேண்டும். சோடா இல்லாமலே சோடாவைப்போல் செய்துவிட்டாரே என்று வியந்துகொண்டே தட்டை ஏந்திச் சென்றேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு மிடறு விழுங்கினார். குவளையை மூக்கருகே கொண்டு போனார். பிறகு அதை ஓசைபடாமல் தரையில் வைத்தார்.

"வாத்தியாரே, இது கள்ளுங்க" என்றார்.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"சர்க்கார் வேலை பாக்குற பையனைக் கூட்டியாந்து ஒக்கார வச்சு, கள்ளு ஊத்துறீங்க. நாளைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனா அவன் சோத்துக்கு யாரு வழி சொல்றது?"

மாப்பிள்ளையின் தாயார் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். "ஊத்திக் குடுத்த கை சும்மா இருக்குமா? வாங்க போகலாம்" என்றார். தாம்பூலத் தட்டு தொடப்படாமல் இருந்தது. மாப்பிள்ளை மட்டும் வாசற்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கதவிடுக்கில் நின்ற தங்கை அதைக் கண்டாள்.

விளக்கேற்றும் நேரத்துக்குத் தமையனார் திரும்பினார். ஆத்தா அழுகையினூடே நடந்ததைச் சொன்னாள். அவர் பொருளறைக்குப் போனார். பானைக்குள் கையை விட்டு உட்சுவரைத் தடவிப் பார்த்தார். விரல்களை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கொல்லைப்புறம் போனார், நான் பின்தொடர்ந்தேன். துவைகல்லின் மேல் காய்ந்து கிடந்த புளிச்சக்கையை அவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் விளங்கியது.

அவர் உள்ளே சென்று, ஆத்தாவும் தங்கையும் கேட்கும்படி, "பானைக்குச் சுண்ணாம்பு பூச மறந்துட்டேன். என் தப்புதான்" என்றார்.

தங்கை அழவில்லை. அவரை நேராக நோக்கி, "நீங்க இந்த வீட்டுக்கு வராமயே இருந்திருக்கலாம்" என்றாள். அதுவே அவள் அவரோடு பேசிய கடைசிச் சொல்.

அவர் அந்த வாரமே கட்டுமாவடிக்குப் புறப்பட்டார். அங்குக் கருவாட்டு வணிகம் செய்த ராவுத்தர் ஒருவர் அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். பேருந்து நிலையத்தில், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் சொன்னேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே பேசினார்.

"நீ இந்த ஊர்ல வாத்தியாரு. ஒம்பேரு நின்னாத்தான் அவளுக்கு இன்னொரு எடம் வரும். எம்பேரு ஏற்கெனவே போன பேரு. அது இன்னுங் கொஞ்சம் போகட்டும். அவ கல்யாணம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத."

அவர் சொன்னது போலவே நடந்தது. குடி கலந்தவனை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் எங்களைப் பாராட்டியது. மூன்றாண்டுகளுக்குப் பின் பொன்னமராவதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவருக்குத் தங்கையை மணமுடித்தோம். மனைவியை இழந்தவர்; இரண்டு பிள்ளைகள் இருந்தன; நற்குணம் உடையவர். தமையனாரை அழைப்பதா என்று ஆத்தா தயங்கிக் கேட்டபோது, அவர் வந்தால் தான் மணையில் அமரமாட்டேன் என்று தங்கை சொல்லிவிட்டாள். அந்தச் செய்தியை நான்தான் மடலில் எழுதினேன். மென்மையான சொற்களைத் தேடி எழுதினேன். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. 'கல்யாணம் நல்லபடியாக முடிந்திருக்கும்' என்பது தவிர அதில் ஒன்றும் இல்லை.

ஆண்டுக்கொருமுறை கட்டுமாவடிக்குச் சென்று அவரைக் கண்டு வருவேன். உப்பிட்ட மீன் உலரும் வெளியின் ஓரத்தில் கீற்றுவேய்ந்த ஓர் அறையில் இருந்தார். சட்டைகள் அப்போதும் வெள்ளையாகவே இருந்தன. நான் போனால் ஒரு தம்ளர் வெறுந்தண்ணீர் கொடுப்பார். எலுமிச்சை வாங்கி வரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். கருவாட்டு வாடையில் தம் மூக்கு போய்விட்டது என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார்.

தங்கையின் மணத்துக்கு அடுத்த ஆண்டு, பேருந்துக்காகக் காத்திருந்தபோது, "இனிமே அவகிட்ட சொல்லலாம் தம்பி" என்றார். சொல்கிறேன் என்றேன். அதன்பின் அவர் கேட்கவில்லை.

நான் சொல்லவில்லை. அந்த ஆண்டு தலைமையாசிரியர் பதவி வரவிருந்தது. அடுத்த ஆண்டு ஆத்தாவுக்கு நோய். அதற்கடுத்த ஆண்டு ஆத்தாவின் மறைவு. காரணங்கள் எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தன. தங்கை என்னைச் சின்னண்ணன் என்று மதித்தாள். ஆடிக்கும் தீபாவளிக்கும் நான் கொண்டுபோன சீரைக் கண்ணில் ஒற்றி வாங்கினாள். அந்த மதிப்பை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் எனக்கு அடைக்கலமாகத் தந்த மௌனத்தை நான் உடைமையாக்கிக்கொண்டேன். எட்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில் தந்தி வந்தது. காய்ச்சலில் நான்கு நாள் கிடந்து இறந்துபோனார். ராவுத்தரின் ஆட்களும் நானுமாகக் கடற்கரைச் சுடுகாட்டில் கடனை முடித்தோம். தங்கைக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் வரவில்லை.

எட்டாம் நாள் பொன்னமராவதிக்குப் போனேன். அவள் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். வெள்ளையடிப்பு, பானை, புளி, துவைகல், பேருந்து நிலையம், ஒன்றையும் விடவில்லை. அவள் கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது. கடைசி ஆர்க்கில் இலை தீர்ந்தபின்தான் பேசினாள்.

"என்னிக்குத் தெரியும் ஒங்களுக்கு?"

"அன்னிக்கே."

"அவுக கெடந்த நாலு நாளும் யாரு பாத்தா?"

ராவுத்தர் வீட்டு அம்மா கஞ்சி கொடுத்து அனுப்பினார்களாம் என்றேன்.

"ஒரு பத்து நாளு முன்னாடி வந்திருந்தீகன்னா நான் போயிருப்பேன். ஒரு வாய்த் தண்ணியாச்சும் என் கையால குடிச்சிருப்பாக." குரலை உயர்த்தாமலே சொன்னாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குச் சென்று கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். கடையிலிருந்து வந்த அவள் கணவர் கதவருகே போய்த் தாழ்ந்த குரலில் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு என் பையை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு மச்சான், வாங்க, நான் கொண்டாந்து விடுறேன்" என்றார். அடுத்த ஆண்டுத் தீபாவளிச் சீரைக் கடையிலேயே அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே.