பிச்சிப்பூ மணத்த நூலுருண்டை

என் நூலுருண்டையில் பிச்சிப்பூ மணத்தது. பாறசாலைக் கடையில் சோப்புக் கட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து விற்ற நூல், வாங்கிவந்த நாள் முதல் சோப்பு வாசனை மட்டுமே அடித்த நூல், ஒரு திங்கட்கிழமை நான் பள்ளிவிட்டு வந்து அலமாரியில் வைத்திருந்த நூல்பையைத் திறந்தபோது பிச்சியாக மணத்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளை என்னதான் நினைப்பாள்? கொல்லயில் என்ற ஊரில் எங்கள் வீட்டில் அப்போது பிச்சிப்பூ சூடுகிற ஆள் ஒருத்திதான் உண்டு. கல்யாணம் முடிந்து மூன்று மாதமே ஆகியிருந்த என் அண்ணனின் மனைவி, வெள்ளறடைக்காரி, என் மைனி.

எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேகம் கொஞ்சம் கூடுதல். பென்சில் குட்டையானால்கூட யாரோ களவாகச் சீவிவிட்டார்கள் என்று நினைக்கிற பிறவி. அதிலும் மைனி வந்த பிறகு சந்தேகத்துக்குக் கேட்கவா வேண்டும்? திருவனந்தபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த அண்ணன் சனிக்கிழமைதோறும் வாங்கிவரும் பலகாரப் பொட்டலம் அதுவரை நேராக என் கைக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது மைனி கைக்குப் போய், அவள் பிரித்து, அவள் தந்து நான் தின்ன வேண்டியிருந்தது. போதாததற்கு அவள் எந்த டப்பாவையும் கேட்காமல் திறப்பாள், என் கட்டிலில் படுத்துக்கொண்டு என் புத்தகத்தைப் படிப்பாள், வாய்க்குள் ஏதாவது பாட்டு முனகிக்கொண்டே வீடு முழுக்க நடப்பாள். நான் முறைத்தால், "எல்லாம் நம்ம வீட்டுச் 'சாதனம்' தானே மக்கா" என்று சிரிப்பாள். பொருளைச் சாதனம் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நம்ம சாதனமாம்!

கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற குரோஷா பழக்கம் பள்ளியில் வந்தது. கைவேலை டீச்சர் நாற்பது பேருக்கு இரண்டே பீரியடில் சொல்லிக்கொடுத்து முடித்தார். இருபது கண்ணிக்கு ஒரு சங்கிலி போடு, திருப்பு, ஒவ்வொரு கண்ணியிலும் கொக்கி ஊசியை விட்டு நூலை இழு, திரும்பவும் திருப்பு. "ஈஸியாக்கும்" என்றார். ஆண்டு முடிவில் வைக்கும் கண்காட்சியில், ஆகச் சிறந்த சதுரத் துண்டு தலைமையாசிரியையின் பூச்சாடிக்கு அடியில் விரிக்கப்படும் என்பது அறிவிப்பு. அந்த இடம் எனக்குத்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். முதல் வாரம் நூல் விரலை அறுத்தது, முடிச்சு இறுகி ஊசி நுழைய மறுத்தது, எச்சில் தொட்டு இழுத்து இழுத்து வெள்ளை நூல் சாம்பல் நிறமாயிற்று. இரண்டாம் வாரம் கை வழிக்கு வந்தது. அப்போதுதான் கண்ணிகள் காணாமல் போகத் தொடங்கின.

சாயங்காலம் பையிலிருந்து எடுத்ததும் எண்ணுவேன். பதினெட்டு. மறுநாள் பதினாறு. பிறகு பதினாலு. அலமாரிக் கதவின் உட்பக்கம் சாக்கட்டியால் எழுதியே வைத்தேன். உள்ளே வைக்கும்போது ஒருநாளும் எண்ணவில்லை, எடுக்கும்போது மட்டுமே எண்ணினேன். பிரிப்பதானால் மேல் வரிசையிலிருந்துதான் பிரித்துக்கொண்டு வர வேண்டும், ஓரத்தில் மட்டும் பிரிக்க முடியாது என்கிற புத்தியும் இருக்கவில்லை. யாரோ பிரிக்கிறார்கள், அவ்வளவுதான். யார் என்பது மட்டும்தான் பாக்கியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை பிச்சி மணத்ததும் அதுவும் தெரிந்துபோயிற்று.

எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்று, "மைனியாக்கும் எனக்க குரோஷாவ டெய்லி பிரிச்சுப் போடுதது" என்று கத்தினேன்.

அம்மா மைனியைத் திரும்பிப் பார்த்தாள். "பிள்ளைக்க சாதனத்த நீ எதுக்கு எடுத்தே?"

"நான் தொடல்ல மாமி."

"பின்ன பிச்சி மணம் எப்படி வந்துது?" என்றேன் நான்.

மைனியின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா உருண்டையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அண்ணன் டம்ளருக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். ஒருவர் கூட "போ பிள்ளே, உனக்கு வேற வேல இல்லியா" என்று என்னை அதட்டவில்லை. மைனி குடித்தும் குடிக்காததுமாய் டம்ளரை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

அடுத்த கைவேலை பீரியடில் எல்லாரும் துண்டுகளை மேசைமேல் வைத்தோம். பாதிக்குப் பாதி முக்கோணம்! "வரிசையில கடைசிக் கண்ணி ஓரத்துல சாஞ்சு ஒளிஞ்சு கிடக்கும். அதுல ஊசி விடாமத் திருப்பினா வரிசைக்கு ஒண்ணு குறையும். எத்தன மட்டம் சொன்னேன்?" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். நான் என் முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை பேர் வீட்டிலும் ஒரு மைனி இருக்க முடியாது என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேனா? இல்லை. சொல்ல வாய் வரைக்கும் வரும். உடனே, 'சரி, பிரிக்கவில்லை, அப்படியென்றால் பிச்சி மணம் எங்கிருந்து வந்தது' என்று பழைய சந்தேகம் கைகொடுக்கும், நானும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துக்கொள்வேன். மைனி அதன்பிறகு என் கட்டில் பக்கம் வரவில்லை, முனகலும் நின்றுவிட்டது. அந்த வருஷமே அண்ணன், பஸ்ஸுக்குச் சௌகரியம் என்று சொல்லி நெய்யாற்றங்கரையில் வாடகை வீடு பிடித்தான். பஸ் எங்கள் ஊரிலிருந்தும் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும்.

போன மாதம் முழங்கால் வலிக்கு ஓய்வெடுத்தபோது, நேரம் போகாமல் மறுபடியும் குரோஷா ஊசி வாங்கினேன். கைப்பேசியில் ஒரு பெண் சொல்லித்தருகிறாள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள் என்கிறாள். என்னைப் பார்க்க வந்த மைனி எதிரே உட்கார்ந்திருந்தாள். சட்டென்று சொல்லிவிட்டேன், டீச்சர், முக்கோணம், எல்லாவற்றையும். சொல்லி முடிப்பதற்குள் அழுதும்விட்டேன்.

"தொட்டேன் மக்கா" என்றாள் மைனி. "தொடல்லன்னு சொன்னது பொய்யாக்கும். எடுத்து எண்ணியும் பாத்தேன். வரிசைக்கு ஒண்ணு விட்டுப்போவுதுன்னு அப்பவே தெரிஞ்சுது. நீ வந்ததும் சொல்லித்தரணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ எல்லாருக்க முன்னாலயும் கேட்டுட்டே. பெறவு தொட்டேன்னு சொன்னா, நாந்தான் பிரிச்சேன்னு ஆயிரும்லா."

அந்த நூல்கடை இருந்த இடத்தில் இன்று கைப்பேசி விற்கிறார்கள். மைனி பிச்சி சூடுவதில்லை. எந்த டப்பாவையும் கேட்காமல் திறந்து, எல்லாம் நம்ம சாதனம் என்று சிரித்தவளை மூன்று மாதம்தான் எங்கள் வீடு பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் நிமிர்ந்தபோது, அவள் மேசைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி தாகிக்குது. இத எடுக்கட்டா?" என்று கேட்டாள்.