கொம்பு முதலில் வரும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரட்டுமே. அந்த வருஷம் அந்தக் கோபம் வராமல் இருந்திருந்தால் கேம்ப் ரோட்டில் ஒரு கடை மூடியிருக்கும்.

எனக்கு சிறுசேரியில் வேலை, சேலையூரில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கட்டற்ற மென்பொருள் தொகுப்புக்குச் சம்பளமில்லாமல் உழைப்பேன். உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து இலவசமாகக் கொடுக்கும் தொகுப்பு அது. அதில் பேக்கேஜ் என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர் கல்யாணம், குழந்தை, புது வேலை என்று கழன்றுகொண்டால் அது அனாதைப் பட்டியலுக்குப் போய்விடும். அதன்மேல் பெரிய புகார் ஒன்று பதில் இல்லாமல் கிடந்தால், அடுத்த வெளியீட்டில் தூக்கிவிடுவார்கள். நியாயமான விதிதான். நானே சிலவற்றைத் தூக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு அந்தப் பட்டியலில், தமிழை டைப்ரைட்டர் முறையில் அடிக்க உதவும் விசைப்பலகை பேக்கேஜ் இருந்தது.

கேம்ப் ரோட்டில் டி.டி.பி. கடை வைத்திருந்த அக்காவுக்கு அதில்தான் கை ஓடும். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். திரையைக்கூடப் பார்க்காமல் கல்யாணப் பத்திரிகை அடிப்பார். கடை கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு கிடந்ததால் புதிது வாங்கி வைத்திருந்தார். அதில் எங்கள் தொகுப்பின் பழைய வெளியீடு ஏறவே மாட்டேன் என்றது. புதிய வெளியீட்டுக்காகக் காத்திருந்தோம். அதிலோ இந்த விசைப்பலகை இருக்காது. கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னாம்மா இது பேஜாரு! கல்யாணத்துக்கு முன்னாடியே பழகின விரலு. இப்போ போய் வேற கீபோர்டு கத்துக்கினு இருந்தா முகூர்த்த சீசன் போய்டும். கடைய மூடிட்டு வூட்ல குந்த வேண்டியதுதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து புகாரைத் திறந்தேன். எழுதியவர் தமிழ் தெரிந்தவர்தான். ‘வேலை’ என்று அடித்தால் ‘வலே’ என்று வருகிறது, மிச்சமிருக்கும் ஐகாரக் குறி அந்தரத்தில் தொங்குகிறது, இது உடைந்த மென்பொருள் என்று எழுதியிருந்தார். படித்ததும் கத்தியே விட்டேன்: “அட கடவுளே, கொம்பை முதல்ல அடிக்கணும்யா!”

ப்ளஸ் டூ லீவில் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் கிளாஸுக்குத் துரத்தப்பட்டவள் நான். மெஷினில் எழுத்து இடமிருந்து வலமாக விழும். இடப்பக்கம் நிற்கிற கொம்பை அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்காகவே இந்த பேக்கேஜ் கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும். புகார் எழுதிய மகாராஜன் மெஷினைத் தொட்டதே இல்லை போல. வாயால் சொல்கிற வரிசையில் அடித்திருக்கிறார். எடுத்துச் சொல்லப் பொறுப்பாளரும் இல்லை. செய்யாத குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை!

பழைய பொறுப்பாளரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எழுதிக் கேட்டேன். “எடுத்துக்கொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும்” என்று பதில் வந்தது. அன்றே பொறுப்பை ஏற்று, இது பிழையே இல்லை என்று காரசாரமாகப் பதில் எழுதிப் போட்டேன். நீக்கும் வேலையைப் பார்த்துவந்த ஐரோப்பியர் ஒருவர் நிதானமாகக் கேட்டார்: “எனக்குத் தமிழ் தெரியாது. உங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? சோதனையாகக் காட்டுங்கள்.”

மனுஷன் கேட்டது நியாயம்தான். சனிக்கிழமை கடைக்குப் போய், பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு விசையும் பதிவாகும்படி செய்து, “ஏதாவது அடிங்கக்கா” என்றேன். கையில் இருந்த காதுகுத்துப் பத்திரிகையை, பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, கடகடவென்று அடித்தார். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அவர் அழுத்திய விசைகளையும் திரையில் வந்த வாசகத்தையும் பேக்கேஜுக்குள்ளேயே சோதனையாக வைத்தேன். இந்த வரிசையில் அழுத்தினால் இந்தப் பத்திரிகை வர வேண்டும், வராவிட்டால் பேக்கேஜ் உருவாகவே உருவாகாது.

ஐரோப்பியர் ஓட்டிப் பார்த்தார். புகாரை மூடினார், பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார். ஆபீஸில் அந்த மெயிலைப் படித்து நான் மேஜையைத் தட்டிய தட்டில் காபி கவிழ்ந்தது. கவிழட்டும், ஜெயித்தாகிவிட்டது!

புதிய வெளியீடு வந்ததும் கடையின் புது கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அக்கா உட்கார்ந்து ‘வேலை’ என்று அடித்தார். இரட்டைக் கொம்பு ஒரு நொடி தனியாக நின்றது, ‘வ’ வந்ததும் போய் ஒட்டிக்கொண்டது. இருவரும் கைதட்டினோம். ஜெராக்ஸ் எடுக்க வந்தவரும் என்ன ஏதென்று தெரியாமலே தட்டினார்.

“அக்கா, இனிமே உலகத்துல யார் எங்க இந்த பேக்கேஜைத் தயார் பண்ணாலும், அவங்க கம்ப்யூட்டர் முதல்ல உங்க காதுகுத்துப் பத்திரிகையை அடிச்சுப் பாத்துட்டுத்தான் விடும்.”

அக்கா அடிப்பதை நிறுத்தாமலே கேட்டார்: “அதுல ‘அனைவரும் வருக’ன்னு வேற போட்டு கீதே! அத்தினி பேரும் கெளம்பி வந்துட்டா சோத்துக்கு இன்னா பண்றது?”