தை மாதத்தில் வந்து எண்ணச் சொன்ன ஆரோக்கியமேரி டீச்சர்

ஆரோக்கியமேரி டீச்சர் இறந்துவிட்டார். இன்று காலை, காட்டுப்பாக்கத்தில் மகள் வீட்டில். இப்போதுதான் போன் வந்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை... அதனால் எழுதுகிறேன்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. மாங்காட்டைத் தாண்டி உள்ளே, செங்கல் சூளைகளுக்கு நடுவே, ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. எண்பதுகளின் கடைசியில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அவர் ஹெட்மிஸ்ட்ரஸ், நான் அசிஸ்டென்ட். பாடம் நடத்த அவ்வளவு பேர்தான்.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் மாறி நான் போய்ச் சேரும்போது, சூளைப் பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருப்பார். காதுக்குள் வரைக்கும் செம்மண் போயிருக்கும். "இந்தக் காதுல பாடம் எப்படிம்மா நுழையும்?" என்று திட்டிக்கொண்டே துடைப்பார்.

சூளைக் குடும்பங்கள் விழுப்புரம் பக்கத்திலிருந்து பொங்கல் முடிந்து வருவார்கள். மழைக்கு முன் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தை மாதத்தில் வகுப்பில் உட்கார இடம் இருக்காது. ஆவணியில் காலி.

ஊர்ப் பிள்ளைகள்? இங்கிலீஷ் மீடியம் வேன் வந்துவிட்டது. ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

ஒரு மே மாத வெயிலில் பிள்ளை சேர்க்க இருவரும் வீடு வீடாகப் போனோம். டீச்சரிடமே படித்த ஒருவர் நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கோச்சிக்காதீங்கோ டீச்சர். ஊர் புள்ளைங்க எல்லாம் டை கட்டிக்கினு வேன்ல போவுது. எம் புள்ள மட்டும் சூளக்காரப் பசங்களோட குந்திகினு இருக்கணுமா, நீங்களே சொல்லுங்கோ."

டீச்சர் அந்தக் கலரைத் தொடவில்லை. தெருவுக்கு வந்த பிறகுதான் என்னிடம் பேசினார். "இவனும் அந்தப் பிள்ளைங்களோட உக்காந்துதான் படிச்சான் விஜி. நல்லாத்தானே இருந்தான்..."

ஆகஸ்டில் கல்வி அதிகாரி வந்தார். எண்ணினார். எண்ணுவதற்கு அதிகம் இல்லை. ஸ்ட்ரெங்த் போதாது, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்றார்.

"சார், ஒரே ஒரு தடவை தை மாசத்துல வந்து எண்ணிப் பாருங்க. நிக்க இடம் இருக்காது."

"நம்புறேன் டீச்சர். ஆனா ரூல்ஸ்படி கணக்கு இப்பதான் எடுக்கணும்."

"பிள்ளைங்க இல்லாத மாசமாப் பாத்து எண்ணினா எப்படி சார்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான்.

பிறகு ஊரைக் கூட்டினார்கள். பள்ளியை மூட யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். ஒரு கைகூட உயரவில்லை. எப்படி உயரும்... ஆட்சேபணை இருந்தவர்கள் எல்லோரும் விழுப்புரத்தில் இருந்தார்கள்.

பூட்டினார்கள். எங்கள் இருவரையும் அந்தப் பெரிய பள்ளிக்கே மாற்றினார்கள்.

பொங்கல் முடிந்தது. ஒரு நாள் எங்கள் பழைய சத்துணவு ஆயா மூச்சிரைக்க வந்து நின்றார். "டீச்சர், பசங்க வந்துகீதுங்க. தட்ட வச்சிகினு பூட்டுன கதவாண்ட குந்திகீதுங்க. நான் இன்னான்னு சொல்லட்டும்?"

டீச்சர் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவரே போய்ப் பிள்ளைகளைக் கைகோத்து ரோட்டைத் தாண்டிக் கூட்டிவந்தார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். இங்கே வந்தால் பெரிய பள்ளி ஹெட்மாஸ்டர், "சீசன் பசங்க, ஓடிருவாங்க. ரிஜிஸ்டர்ல எப்படி ஏத்துறது?" என்று வராந்தாவில் உட்காரவைத்தார்.

ஒரு காலை லாரி ஒன்று பிரேக் போட்டு, கடைசிப் பிள்ளையை உரசுகிற மாதிரி வந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மறுநாள் அம்மாக்கள் மறித்துவிட்டார்கள்.

"வேணாங்க டீச்சரம்மா. படிப்பு இல்லன்னாலும் புள்ள உசுரோட இருக்கட்டும்."

அன்று டீச்சர் தனியாகத்தான் ரோட்டைத் தாண்டி வந்தார்.

கொஞ்ச நாள் கழித்து இருவரும் சூளைக்குப் போனோம். மூன்றாம் வகுப்பு மல்லிகா வெயிலில் குந்தி, சுடாத பச்சைக்கல்லைக் காயத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்கிற மாதிரியே.

"ஸ்கூல் தொறந்துட்டாங்களா டீச்சர்?"

"இன்னும் இல்லம்மா..." என்றார் டீச்சர்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். "'இன்னும்'னு சொல்லிட்டேன், அவ நம்பிட்டா விஜி" என்றார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

டீச்சர் ரிட்டயர் ஆனார். பூட்டிய பள்ளிக் கட்டடம் சிமென்ட் குடோன் ஆனது. பிறகு அதையும் இடித்தார்கள்.

நாளை அடக்கம். அந்தப் பள்ளியில் பாடம் நடத்தியவர்கள் என்று இனி நான் ஒருத்திதான்.

காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன் டீச்சர்...